கடைசி ரீலை முதலில் பார்த்தவர்

செய்தியைக் கொண்டுவந்தவர் எங்கள் திரைக்கழகத் தலைவர். காலை ஏழரை மணிக்கு, மலாக்கா காஜா பெராங்கில் என் வீட்டு வாசலில், மழையும் வெயிலும் இல்லாத நேரத்தில் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். துக்கம் சொல்லப் போகிறவர் கையில் ஏதாவது இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருப்பார்.

“பசியாறியாச்சா?” என்று கேட்டார். பிறகு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, “நம்ம வைத்திலிங்கம் போயிட்டாரு,” என்றார்.

நம்ம வைத்திலிங்கமாம். இரண்டு வருஷமாக அந்த மனிதர் எதிரே வந்தால் தலைவர் சாலையின் மறுபக்கம் போய்விடுவார். இன்றைக்கு உறவு வந்துவிட்டது.

“மார்வலி. நேத்து சாயந்திரம் வேலை முடிஞ்சு சைக்கிள எடுக்கப் போனவரு அங்கேயே உக்காந்துட்டாராம். நீங்கதான் செயலாளர். கழக மலர்ல ஒரு நினைவஞ்சலி எழுதிடுங்க. கழகத்தோட தூணுன்னு மறக்காமப் போடுங்க.”

அந்தத் தூணைப் பிடுங்கித் தெருவில் போட்டவர்கள் நாங்கள். தீர்மானத்தை முன்மொழிந்தவர் தலைவர். நீக்கல் கடிதத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டவன் நடேசனாகிய நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால் தைரியம் போதாது.

அவரை அறியாதவர்களுக்காகச் சில வார்த்தை. வைத்திலிங்கம் அவர்கள் தபால் நிலையத்தில் தந்தி முகப்பில் வேலை பார்த்தவர். ஒல்லி, உயரம். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, காதில் பென்சில். எதிரே நிற்பவன் சொல்வதில் பாதி பொய் என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிட்ட ஒரு பார்வை. மனைவியை இளவயதிலேயே இழந்தவர், பிள்ளைகள் இல்லை. கம்போங் செட்டிக் குடியிருப்பின் ஓரத்தில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்கு இருந்தார். தமிழ் மறந்துபோன அக்கம்பக்கத்துச் செட்டிக் குடும்பங்களோடு மலாய் மொழியில் பேசிச் சிரிப்பார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நம்மவர்களிடம் தமிழ் பேச வரும்போது சிரிப்பை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவார்.

எனக்கு அவரைப் பிடிக்காது. நினைவஞ்சலியில் இப்படி எழுதலாமா என்று தலைவர் கேட்பார். அவரே எழுதியிருந்தால் தூண், விளக்கு, ஆலமரம் என்று வரிசையாக வந்திருக்கும். என்னைத்தானே எழுதச் சொன்னார், படித்துத் தொலைக்கட்டும்.

வைத்திலிங்கம் அவர்களிடம் நான் முதலில் பேசியது என் தங்கை மங்களத்தின் கணவர் இறந்த அன்று. நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்காவுக்கு மூன்று வருஷம் முன்பு. மாப்பிள்ளை உஜோங் பாசிர் கடற்கரையில் தூண்டில் போடப் போனவர், தவறிக் கடலில் விழுந்துவிட்டார் என்று ஊருக்குச் சொன்னோம். முதலில் சொன்னவன் நான். ஈப்போவில் இருந்த அவருடைய அப்பாவுக்குத் தந்தி அடிக்கவேண்டியிருந்தது. மங்களமும் கூடவே வந்துவிட்டாள். கையில் அவர் செருப்பு. கரையில் இருந்து எடுத்தவள் யார் கேட்டும் கொடுக்கவில்லை. தபால் நிலையத் தரையெல்லாம் மணல் உதிர்ந்தது.

‘உங்கள் மகன் தவறிக் கடலில் விழுந்து இறந்தார், உடனே வரவும்’ என்று எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் எழுதி நீட்டினேன். தந்திக்குச் சொல் கணக்கில்தான் காசு. வைத்திலிங்கம் அவர்கள் பென்சில் முனையால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு எண்ணினார். ஓரிடத்தில் பென்சில் நின்றது. என்னைப் பார்த்தார். எனக்குப் பின்னால் நின்ற மங்களத்தைப் பார்த்தார். அவள் கையில் இருந்த செருப்பைப் பார்த்தார்.

“‘தவறி’ வேணுமா?” என்று கேட்டார்.

“வேணும்,” என்றேன்.

மறுபேச்சில்லாமல் அனுப்பிவிட்டார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சாவுத் தந்தியில்கூட ஒரு சொல்லை மிச்சம் பிடிக்கப் பார்க்கிறான், இவனெல்லாம் ஒரு மனுஷனா என்று வீட்டுக்கு வந்து திட்டினேன். அந்தச் செருப்பு நனையவே இல்லை. தூண்டில் எங்கள் வீட்டு மூலையில்தான் சாத்தியிருந்தது. இந்த இரண்டையும் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை.

அடுத்த வருஷம் திரைக்கழகம் ஆரம்பமானது. ஒரு கடைவீட்டு மேல்மாடிக் கூடம், நாற்பது நாற்காலி, ஒரே ஒரு புரொஜெக்டர். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாயந்திரம் நாலு மணிக்கு, சன்னல்களுக்குக் கறுப்புத் துணி கட்டிவிட்டுப் படம் போடுவோம். படப்பெட்டி சிங்கப்பூரில் ஒரு வாடகைக் கம்பெனியிலிருந்து பஸ்ஸில் வரும், மறுநாள் காலை பஸ்ஸில் திரும்பிப் போகும்.

எந்தப் படத்தைப் போடுவது என்று முதல் கூட்டத்திலேயே சண்டை. தலைவருக்குச் சாமி படம் வேண்டும். வைத்திலிங்கம் அவர்கள் கடைசி வரிசையிலிருந்து எழுந்து, “சாமியப் பாக்கணும்னா கோயிலுக்குப் போங்க. அங்க பொங்கலும் குடுப்பாங்க,” என்றார். சிரித்தவர்களைத் தலைவர் குறித்து வைத்துக்கொண்டார். ஆனால் கம்பெனியின் கேட்டலாக் முந்நூறு பக்கம் ஆங்கிலம். கமிட்டியில் அவரைத் தவிர நாலு பேரும் ஆங்கிலம் கரைத்துக் குடித்தவர்கள் என்றுதான் சொல்லிக்கொண்டோம். புத்தகத்தை ஒவ்வொருவராக வீட்டுக்குக் கொண்டுபோய் நாலு நாள் வைத்திருந்து, படங்களை மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தோம். கடைசியில் அது வைத்திலிங்கம் அவர்கள் கைக்குப் போயிற்று. அப்படித்தான் படப் பட்டியல் அவருடையதாயிற்று. புரொஜெக்டரையும் அவரே ஓட்டினார்.

அவர் தேர்ந்தெடுக்கும் முறையைச் சொல்லவேண்டும். கேட்டலாக்கில் ‘மனதை நெகிழவைக்கும்’ என்றிருந்தால் அந்தப் படத்தை அடித்து ஒரு கோடு. ‘குடும்பத்தோடு காண’ என்றிருந்தால் இரண்டு கோடு. “நெஞ்சத் தொடணும்னா டாக்டர்ட்டப் போகட்டும்,” என்பார். “இதப் பாராட்டவும் முடியாம திட்டவும் முடியாம கேட்டலாக் எழுதுனவன் முழிக்கிறான் பாருங்க, அதான் நமக்கு.”

அப்படிப் பொறுக்கி எடுத்து வரவழைத்த படங்களில் எப்போதும் மழை பெய்தது. தெருவெல்லாம் ஈரம், முகமெல்லாம் பாதி நிழல். தொப்பி போட்ட ஆண்கள் சிகரெட்டைப் பற்றவைத்துவிட்டுப் பேசாமல் நிற்பார்கள். பெண்கள் உண்மையைச் சொல்லமாட்டார்கள். கடைசியில் யாரும் நன்றாக இருக்கமாட்டார்கள். உறுப்பினர்கள் அவற்றுக்கு ‘மழைப்படம்’ என்று பெயர் வைத்தார்கள். ‘இந்த மாசமும் மழையா?’ என்று கேட்டுக்கொண்டே மாடியேறுவார்கள், ஆனால் வராமல் இருக்கமாட்டார்கள்.

“அப்படி என்னதான் இருக்கு இதுல?” என்று ஒருமுறை கேட்டேன்.

“மீசை வெச்ச வில்லன் கெட்டது செஞ்சா அதுல என்னா அதிசயம்? நல்லவன் ஒருத்தன் ஒரே ஒரு கெட்டது செய்யணும். செஞ்சிட்டு வீட்டுக்கு வந்து, பொண்டாட்டி எதிர்ல சாப்பிட உக்காரணும். அந்தச் சாப்பாட்டக் காட்டுற படந்தான் படம். மத்ததெல்லாம் தமாஷ்.”

அவருக்கு இன்னொரு வழக்கம். பெட்டி வந்ததும் ஞாயிறு மத்தியானம் தனியாகக் கூடத்தில் உட்கார்ந்து, கடைசி ரீலை மட்டும் முதலில் ஓட்டிப் பார்ப்பார். முடிவு வழுக்கிவிட்டால், அதாவது கெட்டவன் திடீரென்று அழுது திருந்திவிட்டால், கம்பெனிக்கு அன்றைக்கே ஒரு வசைக் கடிதம் போகும். கல்யாண வீட்டில் நுழைந்ததும் தாம்பூலப் பையைக் கேட்கிற ஆள் என்று நான் கேலி பேசுவேன். “முடிவு தெரியாம நாப்பது பேர உள்ள வுட்டுக் கதவச் சாத்தக்கூடாது, செயலாளரே,” என்பார். நான் அதை அலட்டல் என்றே எடுத்துக்கொண்டேன்.

புரொஜெக்டர் ஒன்றே என்பதால் ஒவ்வொரு ரீலுக்கும் நடுவில் விளக்கைப் போட்டு நிறுத்தவேண்டும். அந்த இடைவெளியைத் தலைவர் பிடித்துக்கொண்டார். திரைக்கு முன்னால் போய் நின்று, ஆங்கிலம் புரியாதவர்களுக்காக இதுவரை நடந்த கதையைத் தமிழில் சொல்லி, கூடவே ஒரு நீதியும் சொல்வார். அவருக்கும் ஆங்கிலம் புரியாது என்பதால் அந்தக் கதை வேறு எங்கோ போய்க்கொண்டிருக்கும். கொலைகாரியைப் பத்தினி என்று ஒருமுறை வாயாரப் புகழ்ந்தார். வைத்திலிங்கம் அவர்கள் ரீலை மாட்டி முடித்ததும் ஒரு விநாடிகூடக் காத்திருக்கமாட்டார். விளக்கை அணைத்து ஓட்டிவிடுவார். தலைவரின் தலை திரையில் துப்பாக்கிக்காரர்களுக்கு நடுவே நிழலாக ஆடும். கூடம் சிரிக்கும். இதற்காகத்தான் தலைவர் அவரை வெளியேற்றத் துடித்தார், ஒழுக்கத்துக்காக என்று யாரும் ஏமாறவேண்டாம்.

என்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஒரு சிரிப்புப் படம் வரவழைக்கலாம் என்று கமிட்டியில் சொன்னேன். பென்சிலைக் காதிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். “ஒங்களுக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு, செயலாளரே. பாக்கத்தான் பயம்,” என்றார். அத்தனை பேர் முன்னால். அன்றிரவு முழுக்க அவருக்குப் பதில் யோசித்துப் படுத்திருந்தேன், ஒன்றும் கிடைக்கவில்லை. அதன்பிறகு தலைவர் பக்கம் சேர்ந்தேன். தலைவரை மதித்தேன் என்று அர்த்தமில்லை. இந்த ஆளை அடக்கினால் போதும் என்றிருந்தது.

மெர்டேக்கா வந்தது. ஊரெங்கும் கொடியும் தோரணமும். அந்த மாதக் காட்சிக்கு உறுப்பினர்கள் குடும்பத்தோடு வரவேண்டும், மழைப்படம் கூடாது என்று கமிட்டியில் தலைவர் மேசையைத் தட்டினார். வைத்திலிங்கம் அவர்கள், “சுதந்திரம் கெடச்ச அன்னிக்காவது பெரியவங்க படம் பாக்கக் கூடாதா?” என்றார். ஓட்டெடுப்பு நடந்தது. அந்த ஒரு காட்சிக்குப் படத்தை நான் தேர்ந்தெடுப்பது. நன்றாக நடந்தால் பட்டியல் நிரந்தரமாக என்னிடம் வரும். சொதப்பினால் அவரிடமே திரும்பிப் போகும், பிறகு யாரும் அவரைக் கேள்வி கேட்கக்கூடாது. நாலுக்கு ஒன்று. அந்த ஒன்று அவர். “சரி. மிஷின நான்தான் ஓட்டுவேன்,” என்று மட்டும் சொன்னார். வேலை விட்டால் அந்தப் பட்டியல், பட்டியல் விட்டால் வேலை என்று இருந்த மனிதர் அவர். அது எங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் பிடுங்கினோம்.

நான் கேட்டலாக்கைப் புரட்டினேன். ஒரு பக்கத்தில் வீட்டு வாசற்படி, ஏப்ரன் கட்டிய ஒரு பெண் சிரித்துக்கொண்டு நிற்கிறாள். ‘குடும்பத்தோடு காண’ என்று அச்சடித்திருந்தது. வைத்திலிங்கம் அவர்கள் அதன்மேல் இரண்டு கோடு போட்டிருந்தார். அவர் அடித்தது என்றால் நல்ல படமாகத்தான் இருக்கும் என்று அதையே வரவழைத்தேன்.

கணவர் போனதிலிருந்து மங்களம் கோயிலுக்குக்கூடப் போகாமல் இருந்தாள். ஒரு வாரம் கெஞ்சி, “குடும்பப் படம்மா, பாட்டுகூட இருக்கும்,” என்று சொல்லி அவளைச் சம்மதிக்கவைத்தேன். மூன்று வருஷத்தில் அவள் வெளியே வந்தது அன்றுதான்.

ஞாயிறு மத்தியானம் இரண்டு மணிக்குத் தோரணம் கட்டக் கூடத்துக்குப் போனேன். வைத்திலிங்கம் அவர்கள் கடைசி ரீலை அப்போதுதான் ஓட்டிப் பார்த்து முடித்திருந்தார். கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்துக்கொண்டிருந்தார்.

“இந்தப் படத்த நீங்க பாத்தீங்களா?”

“கடைசி ரீலப் பாக்குற வியாதி எனக்கு இல்ல.”

“வேற ஏதாச்சும் படம் கைவசம் இருக்கா?”

“ஏன்?”

“இன்னிக்கு யார் யாரு வர்றாங்க?”

“எல்லாரும். என் தங்கச்சிகூட வர்றா.”

அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “செயலாளரே, அந்தக் கடைசி ரீலு...” என்று ஆரம்பித்தார்.

நான் விடவில்லை. “மிஸ்டர் வைத்திலிங்கம், பட்டியல் கையவிட்டுப் போகுதுன்னு வயிறெரியாதீங்க. படத்த ஓட்டுறது ஒங்க வேலை. அத மட்டும் செய்யுங்க,” என்றேன். பதில் கிடைக்காமல் இருந்த அந்த இரவுக்கு அன்றைக்குத்தான் பதில் சொன்னேன் என்று எனக்குப் பெருமை வேறு. அவர் ரீலைக் கழற்றிப் பெட்டியில் வைத்தார்.

நாலு மணிக்குக் கூடம் நிறைந்தது. மங்களம் பெண்களோடு முன்வரிசையில் உட்கார்ந்தாள். படத்தில் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒருவன், முதலாளிக்காகக் கோர்ட்டில் ஒரு பொய்ச்சாட்சி சொல்லிவிடுகிறான். வீட்டில் சொல்லவில்லை. மூன்றாவது ரீலின் கடைசியில் அவன் வீட்டுக்கு வருகிறான். மனைவி வாசற்படியில் நிற்கிறாள், சிரிக்கிறாள், இருவரும் சாப்பிட உட்காருகிறார்கள். விளக்கு எரிந்தது. தலைவர் எழுந்து வழக்கம்போல் முன்னால் போனார்.

“படம் முடிஞ்சிருச்சு,” என்று பின்னாலிருந்து வைத்திலிங்கம் அவர்களின் குரல் கேட்டது.

கூடம் கைதட்டியது. குடும்பம் ஒரு கோயில் என்று தலைவர் கால் மணி பேசினார். அன்றைக்கு அவரை யாரும் இருட்டில் ஆழ்த்தவில்லை. “படம்னா இது. தேர்ந்தெடுத்தா இப்படித் தேர்ந்தெடுக்கணும். இனிமே பட்டியல் நடேசன்கிட்டத்தான்,” என்று முடித்தார். மறுபடியும் கைதட்டல். வைத்திலிங்கம் அவர்கள் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஆனால் பெட்டியில் நாலு ரீல் வந்தது எனக்குத் தெரியும். எல்லோரும் இறங்கத் தொடங்கியதும் அவரிடம் போனேன். அவர் படப்பெட்டியை வாரால் இறுகக் கட்டி, அதன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

“இன்னொரு ரீல் எங்க?”

“கெட்டுப்போச்சு.”

“காட்டுங்க, பாப்போம்.”

“கெட்டுப்போனத என்னா பாக்குறது? ஒங்க தங்கச்சி காத்துக்கிட்டிருக்காங்க, கூட்டிட்டுப் போங்க.”

கடைசி ஆள் படியிறங்கும்வரை அந்தப் பெட்டியை விட்டு எழவில்லை. பத்து நாள் கழித்துக் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. நாலு ரீலும் பழுதில்லாமல் வந்து சேர்ந்தன, நன்றி. எனக்கு இது போதாதா? நான் தேர்ந்தெடுத்த படத்தின் முடிவை வேண்டுமென்றே முழுங்கிவிட்டார், பொறாமை, நாசவேலை என்று கமிட்டியில் கடிதத்தை உரக்கப் படித்தேன். தலைவர் கையைத் தேய்த்துக்கொண்டு ஆனந்தப்பட்டார்.

“என்னா சொல்றீங்க, மிஸ்டர் வைத்திலிங்கம்?”

“ரீல் கெட்டுப்போச்சு,” என்றார்.

“கம்பெனி நல்லாருக்குன்னு எழுதியிருக்கே?”

“அவங்களுக்கு நல்லாருக்கும்.”

இதற்குமேல் ஒரு வார்த்தை பேசவில்லை. திமிர் என்று எழுதிக்கொண்டேன். பட்டியல், மிஷின், உறுப்பினர் உரிமை மூன்றும் போயின. கூடத்துச் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார்.

பிறகு இரண்டு வருஷம் நான் தேர்ந்தெடுத்த படங்களைப் பார்த்துக் கழகம் நாசமாய்ப் போயிற்று. தொலைந்த குதிரை வீடு திரும்பும், அனாதைப் பிள்ளை பணக்காரன் மடியில் போய் விழும். நாற்பது நாற்காலியில் பன்னிரண்டு நிரம்பும். அவற்றை வரவழைக்கச் சிங்கப்பூருக்கு மாதா மாதம் தந்தி அடிக்கவேண்டும், அதை அந்த முகப்பில்தான் கொடுக்கவேண்டும். வைத்திலிங்கம் அவர்கள் என் படத்தின் பெயரைச் சொல் சொல்லாகப் பென்சிலால் தொட்டு எண்ணுவார். ஒருமுறைகூட ஒன்றும் சொன்னதில்லை. ஒன்றே ஒன்று கேட்பார், எப்போதும் அதே கேள்வி. “தங்கச்சி நல்லாருக்காங்களா?” குத்திக் காட்டுகிறார் என்று நினைத்து, “இருக்கா,” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

அவர் இறந்தபின் நினைவுக் காட்சி போடலாம் என்று தலைவர் சொன்னார். சாமி படம் வேண்டுமாம். உயிரோடு இருந்தபோது போடவிடாததைச் செத்தபின் அவர் தலையிலேயே கட்டிவிடும் சாமர்த்தியம். நான் மறுத்தேன். நல்ல எண்ணத்தில் மறுக்கவில்லை. அதே வாசற்படிப் படத்தை வரவழைக்கச் சொன்னேன். அவர் முழுங்கிய ரீலை அவர் நினைவு நாளிலேயே ஊருக்குப் போட்டுக் காட்டவேண்டும் என்று எனக்கு ஒரு கேவலமான ஆசை. இறந்தவரோடு சண்டையை முடிக்காமல் விட எனக்கு மனசில்லை.

ஞாயிறு மத்தியானம் தனியாகக் கூடத்துக்குப் போனேன். ரீல் உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று பார்க்கவேண்டுமே. நாலாவது ரீலை மாட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாகக் கடைசி ரீலை முதலில் பார்த்தேன்.

விடியற்காலை. அந்தப் பொய்ச்சாட்சிக்காரன் தூங்கும் மனைவியைப் பார்த்துவிட்டு வெளியே வருகிறான். கடற்கரைக்கு நடக்கிறான். கோட்டைக் கழற்றி மடித்து வைக்கிறான். காலணியைக் கழற்றுகிறான். இரண்டையும் ஜோடியாக, ஒன்றோடொன்று ஒட்டி, மணலில் நேராக வைக்கிறான். பிறகு தண்ணீருக்குள் நடந்துபோகிறான், திரும்பிப் பார்க்கவில்லை. மனைவி ஓடி வருகிறாள். காலணியைத்தான் முதலில் எடுக்கிறாள்.

நான் மிஷினை நிறுத்தவில்லை. படம் தீர்ந்து சுருளின் வால் சக்கரத்தில் பட்டுப் பட்டுச் சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த மனிதர் அன்றைக்கு இங்கேதான் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைத்தார். நாலாவது ரீலை ஓட்டியிருந்தால் முன்வரிசையில் என் தங்கை மூர்ச்சையாகியிருப்பாள், என் மானம் சந்தி சிரித்திருக்கும், பட்டியல் அன்றைக்கே அவர் கைக்குத் திரும்பியிருக்கும். விரலைக்கூட அசைக்கவேண்டாம். விளக்கை அணைத்தால் போதும். அவர் பெட்டிமேல் உட்கார்ந்தார். ஏன் என்று கமிட்டியில் சொன்னால் மாப்பிள்ளையின் சாவைச் சொல்லவேண்டும் என்பதால் அதையும் சொல்லவில்லை. நான் அவரைப் பொறாமைக்காரர் என்று தமிழில் ஒரு பக்கம் எழுதி, நகல் எடுத்து, முத்திரை குத்தி அனுப்பினேன். என்னைப்போல் ஒரு முட்டாளை இந்த மலாக்கா பார்த்திருக்காது. காறித் துப்பினால் என் மேல்தான் துப்பவேண்டும்.

நாலு மணிக்கு ஆட்கள் வந்தார்கள். மங்களமும் வந்து அதே முன்வரிசையில் உட்கார்ந்தாள். மூன்று ரீல் ஓட்டினேன். மூன்றாவது முடிந்ததும் விளக்கைப் போட்டேன்.

“படம் முடிஞ்சிருச்சு,” என்றேன்.

தலைவர் திகைத்தார். “முழுசா காட்டப்போறேன்னீங்களே? நாலாவது எங்க?”

“கெட்டுப்போச்சு.”

“வைத்திலிங்கம் போனாலும் அவரு வியாதி போகல,” என்று சொல்லிவிட்டு, மறைந்த தூணைப் பற்றிக் கால் மணி பேசினார். நான் பெட்டியைக் கட்டி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். எல்லோரும் இறங்கிப்போனார்கள். மங்களம் போகவில்லை.

“எந்திரிங்கண்ணே,” என்றாள்.

“நேரமாச்சும்மா, வீட்டுக்குப் போவோம்.”

“அன்னிக்கு அவரும் இப்படித்தான் உக்காந்திருந்தாரு. என்னையத்தான் பாத்துக்கிட்டிருந்தாரு. அப்பவே தெரியும், எனக்காகத்தான் எதையோ மறைக்குறாருன்னு.”

“தெரிஞ்சா ஏன் சொல்லல?”

“நீங்க கேட்டீங்களா?” என்றாள். பிறகு, “போட்டுக் காட்டுங்க. ரெண்டு பேரு மறைச்சது போதும்,” என்றாள்.

வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். அவள் முன்வரிசையில் போய் உட்கார்ந்துவிட்டாள். வேறு வழியில்லாமல் ரீலை மாட்டி விளக்கை அணைத்தேன். நான் திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். முதுகு நிமிர்ந்தே இருந்தது. காலணியை ஜோடியாக வைக்கும் இடத்தில் கை ஒன்று மடியில் இறுகியது. முகத்தைத் திருப்பவில்லை, கண்ணை மூடவில்லை. வைத்திலிங்கம் அவர்களுக்கு இருந்த கண் எங்கள் குடும்பத்தில் இவளுக்கு மட்டும் இருந்திருக்கிறது.

படம் முடிந்து திரை வெள்ளையானதும் அழுதாள். ஐந்து வருஷத்து அழுகை. நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“இவரும் செருப்ப நேராத்தான் வெச்சிருந்தாருண்ணே,” என்றாள். “நனையவே இல்ல.”

“ஆமாம்மா,” என்றேன். ஐந்து வருஷத்தில் முதல்முறை அதை ஒப்புக்கொண்டேன்.

கீழே இறங்கும்போது, “அவரப் பத்தி எழுதப்போறீங்களாமே. நடந்தத எழுதுங்க,” என்றாள்.

“எப்படிம்மா எழுதறது? மாப்பிள்ளை விஷயம் வெளிய தெரிஞ்சிருமே.”

“தெரியட்டும். ‘தவறி’ வேணாம்.”

வைத்திலிங்கம் அவர்களே, உங்கள் வீட்டு வாசலில் மாலை போடவும் நான் முன்னால் வரவில்லை, கூட்டத்தில் பின்னால் நின்றுவிட்டுப் போய்விட்டேன். பட்டியலைத் திருப்பித் தந்தால் வாங்கிக்கொள்ள உங்களுக்குக் கை இல்லை. கூடத்துச் சாவி என் மேசையில்தான் இருக்கிறது. என் கையில் இருப்பது இந்தத் தாள் ஒன்றுதான். என் மைத்துனர் உஜோங் பாசிரில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுக் கடலுக்குள் நடந்துபோய் இறந்தார். அந்த ஒரு சொல்லை எடுத்துவிட்டேன், மிஸ்டர் வைத்திலிங்கம். எண்ணிப் பார்த்து அனுப்பிவிடுங்கள்.